ரிப்பீற்றருக்கு இன்னும் இரண்டு காது

போன கச்சான் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டு மொட்டை மாடியில் 50 வாட் வானொலிச் செற்றோடு இருந்தேன். நண்பர் 5 வாட் கையடக்க வோக்கியை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலத்தைக் கடந்து, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் போனார். கொக்கட்டிச்சோலையைத் தாண்டி ஒரு வயல் வரம்பில் நின்று கதைப்பதாக ஏற்பாடு. நேரம் வந்ததும் நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இரைச்சலுக்கு நடுவே ஓர் அரைச்சொல் வந்து மறைந்தது. கொஞ்ச நேரத்தில் கைத்தொலைபேசி அடித்தது.

"மச்சான், உன்ட குரல் பக்கத்துல நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்குது. நான் அஞ்சு தரம் கூப்பிட்டுட்டன். உனக்குக் கேக்கல்லையா?"

எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது அதே வாவி, அதே தென்னைகள், அதே தூரம். இருந்தும் ஒரு திசையில் குரல் தெளிவாகப் போனது, மறுதிசையில் ஒன்றும் வரவில்லை. மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையிலோ அமெச்சூர் வானொலிக்கு ரிப்பீற்றர் வைக்க நினைப்பவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய விசயம் இது. இதற்கு மருந்தாக வந்ததுதான் வோட்டிங் ரிசீவர் முறை. பொலிஸ், தீயணைப்புப் படை போன்றவற்றின் வலையமைப்புகளில் பழகிப் பிறகு ஹாம்களிடம், அதாவது அமெச்சூர் வானொலிக்காரரிடம், வந்து சேர்ந்தது. அது எப்படி வேலை செய்கிறது, அதற்கு என்ன சாமான் வாங்க வேண்டும், எதில் காசைப் போட வேண்டும் என்பதைப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

ரிப்பீற்றர் என்பது உயரமான இடத்தில் இருந்து ஓர் அதிர்வெண்ணில் கேட்டு, கேட்டதை அதே நேரத்தில் இன்னோர் அதிர்வெண்ணில் திருப்பிச் சொல்லும் கருவி. 2 மீட்டர் அலைவரிசையில் இரண்டுக்கும் இடையில் வழக்கமாக 600 கிலோஹேர்ட்ஸ் வித்தியாசம் விடுவார்கள். உதாரணத்துக்கு 145.100 மெகாஹேர்ட்ஸில் கேட்டு 145.700 இல் பேசும். வோக்கி வைத்திருக்கிற இரண்டு பேர் நேரடியாக ஒருவரையொருவர் கேட்க முடியாவிட்டாலும், இருவருக்கும் ரிப்பீற்றர் எட்டினால் கதைக்கலாம்.

எட்டினால் என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. ரிப்பீற்றர் 50 வாட்டில் பேசுகிறது, வோக்கி 5 வாட்டில். பத்து மடங்கு, அதாவது 10 டெசிபெல் வித்தியாசம். வோக்கியின் குட்டை அன்ரெனா மோசமானது என்பது உண்மைதான், ஆனால் அது பேசும்போதும் கேட்கும்போதும் ஒரே அளவுக்குத்தான் மோசம். நடுவில் இருக்கிற மரம், கட்டடம், தூரம் எல்லாம் அப்படித்தான், இரண்டு திசைக்கும் ஒரே தடை. ஆகவே மிஞ்சுவது அந்தப் பத்து மடங்கும், அதோடு கேட்கும் இடத்தில் இருக்கிற இரைச்சலும். வயல் வரம்பில் இரைச்சல் குறைவு. நகரத்து ரவரில் எல்ஈடி விளக்கு, சார்ஜர், இன்வேர்ட்டர், பக்கத்து நிறுவனத்தின் மின்வழங்கி என்று எல்லாம் சேர்ந்து ரிசீவரின் காதுக்குள் கத்திக்கொண்டிருக்கும். போதாததற்கு ரிப்பீற்றரின் சொந்த ரான்ஸ்மிற்றரே வெறும் 600 கிலோஹேர்ட்ஸ் தள்ளி நின்று முழங்குகிறது. அதைத் தடுக்கத்தான் டியூப்ளெக்ஸர் என்ற பெரிய உருளைகளை வைக்கிறோம்.

ரான்ஸ்மிற்றரின் வலுவைக் கூட்டினால் சரிவருமா? வராது. வாய்தான் இன்னும் பெரிதாகும், காது அப்படியே இருக்கும். நூறு வாட் போட்டால் இன்னும் தூரத்தில் இருப்பவர்கள் ரிப்பீற்றரைக் கேட்பார்கள், அவர்களை ரிப்பீற்றர் கேட்காது. ஆபத்து நேரத்தில் இது மிகவும் பொல்லாத நிலைமை. உதவி கேட்கிறவர் மறுபக்கத்துக் குரலை எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பார், தன் குரல் மட்டும் போகாது.

எங்கள் நிலத்தின் கணக்கையும் பார்ப்போம். மட்டக்களப்பு தட்டை நிலம். அன்ரெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 30 மீட்டர் ரவருக்கு ஏறத்தாழ 22.5 கிலோமீட்டர். ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த வோக்கிக்கு 5 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 27 சொச்சம். தடையே இல்லாத வெளியில் கிடைக்கும் உச்சம் அது. தென்னந்தோப்பும் வீடுகளும் அதைக் குறைத்துவிடும். நகரத்தில் இருந்து கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வாழைச்சேனை 30 கிலோமீட்டருக்குக் கிட்ட. அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் கணக்கிலேயே வராது. ஆனால் இரண்டு 30 மீட்டர் ரவர்கள் ஒன்றையொன்று பார்க்க 45 கிலோமீட்டர் கிடைக்கிறது. வோக்கியால் போக முடியாத தூரத்தை ரவரும் ரவரும் போகும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடும் மீனும் பல தோணியும்

கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கப் போனவர்களுக்குத் தெரியும். முழுநிலா இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைப்பார்கள். தோணிக்குத் தோணி கேட்பது மாறும். ஒன்றில் தெளிவாகக் கேட்கும், பத்து யார் தள்ளி நிற்பதில் ஒன்றுமே இராது. கரையில் ஒருவர் இருந்து நாலு தோணிக்காரரிடமும் விசாரித்து, அந்தந்தக் கணத்தில் எவருக்கு நன்றாகக் கேட்கிறதோ அவர் சொல்வதை மட்டும் எல்லோருக்கும் சொல்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கரையில் இருப்பவர்தான் வோட்டர். தோணிகள்தான் ரிசீவர்கள்.

ரான்ஸ்மிற்றர் ஒன்றுதான். அது நடுவில் உயரத்தில் இருக்கிறது. கேட்கும் அதிர்வெண்ணில் மட்டும் இன்னும் சில ரிசீவர்களை மக்கள் இருக்கிற பக்கங்களில் வைக்கிறோம். ஒன்று படுவான்கரையில், ஒன்று கல்முனைப் பக்கம், ஒன்று வாழைச்சேனைப் பக்கம். ஒவ்வொன்றும் தான் கேட்டதை ஓர் இணைப்பு வழியாக மத்திய நிலையத்துக்கு அனுப்புகிறது. அங்கே இருக்கிற வோட்டர் வினாடிக்குப் பல தடவை எல்லாவற்றையும் ஒப்பிட்டு, மிகச் சுத்தமானதை மட்டும் ரான்ஸ்மிற்றருக்கு விடுகிறது. ஒருவர் வவுணதீவில் நின்று பேசத் தொடங்கி, வாகனம் ஓட ஓட நகரத்துக்குள் வந்தால், அவர் வசனத்தின் முதல் பாதியைப் படுவான்கரைக் காதும் மறுபாதியை நகரத்துக் காதும் பிடிக்கும். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு மாறியதே தெரியக்கூடாது.

எது சுத்தம் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? எஃப்எம் ரிசீவரின் குணத்தில் இதற்கு விடை இருக்கிறது. சிக்னல் இல்லாத நேரம் ஒலியை மூடி வைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து வைத்தால், சிக்னல் இல்லாதபோது 'ஸ்ஸ்ஸ்' என்று மழை பெய்வது போல இரைச்சல் வரும். சிக்னல் வந்ததும் அந்த இரைச்சல் அடங்கும். சிக்னல் கூடக் கூட இன்னும் அடங்கி, ஒரு கட்டத்தில் முற்றாக நின்றுவிடும். மனிதக் குரலுக்கு வோக்கியில் ஏறத்தாழ 3 கிலோஹேர்ட்ஸ் வரைதான் இடம். அதற்கு மேலே குரல் கிடையாது, இருப்பது இரைச்சல் மட்டும். ஆகவே அந்த மேல்தட்டை மட்டும் வடித்தெடுத்து அளந்தால், பேச்சு எவ்வளவு சத்தமாக இருந்தாலும் குழம்பாமல், சிக்னல் எவ்வளவு நல்லது என்று தெரிந்துவிடும். இரைச்சல் குறைந்த ரிசீவர் வெல்லும்.

சிக்னலின் வலுவையே நேரடியாக அளக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அளக்கலாம், ஆனால் நான் அதை நம்புவதில்லை. இரைச்சல் நிறைந்த இடத்தில் மீற்றர் உயர்ந்துதான் நிற்கும், குரல் மட்டும் விளங்காது. மேல்தட்டு இரைச்சலை அளப்பதில் அந்த ஏமாற்று குறைவு. அதற்கும் ஓர் ஓட்டை இருக்கிறது. பக்கத்தில் ஒரு பழுதான மின்சாதனம் அதே அதிர்வெண்ணில் குரல் ஏறாத வெறும் கரியர் அலையைத் துப்பிக்கொண்டிருந்தால், அது மிகச் சுத்தமாக, அமைதியாகத் தெரியும், வோட்டர் அதையே தெரிவு செய்துவிடும். அதனால் ஒவ்வொரு ரிசீவரிலும் சிடிசிஎஸ்எஸ் கட்டாயம் வேண்டும். பேசுகிறவரின் செற் குரலுக்குக் கீழே காதுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தொனியை அனுப்பும், அது இருந்தால்தான் அந்த ரிசீவர் போட்டிக்கே வரலாம். இதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

காசை முதலில் ரிசீவரில் போடுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வோட்டர் பெட்டியைத்தான் முதலில் தேடுகிறார்கள். எட்டு வாசலா, பன்னிரண்டு வாசலா, விலை என்ன என்று கேட்பார்கள். என் அபிப்பிராயம் தலைகீழ். முதலில் ரிசீவர், பிறகு இணைப்பு, கடைசியில்தான் வோட்டர். வோட்டர் தெரிவு மட்டும்தான் செய்யும், தனக்கு வந்ததை அது திருத்தாது.

ரிசீவரில் நான் பார்ப்பது முதலாவது, எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே தயாரிப்பு, ஒரே மொடல், முடிந்தால் ஒரே தொகுதி. ஏன் என்று ஒரு தடவை காதால் கேட்டால் மறக்க மாட்டீர்கள். நான் வீட்டு மேசையில் இரண்டு வெவ்வேறு செற்களை வைத்து, நண்பரைப் பேசச் சொல்லி, கையால் ஓர் ஆளியைத் தட்டித் தட்டி மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் அவர் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது போலக் கீச்சென்று இருந்தது. மற்றதில் தலையணைக்குள் பேசுவது போல மந்தமாக இருந்தது. ஒரே ஆள், ஒரே வசனம், நடுவில் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவது போலக் கேட்டது. பிறகு ஒரே மொடலில் இரண்டை வைத்து ஒலி மட்டத்தைச் சரி செய்து அதே ஆளியைத் தட்டினேன். எப்போது மாறுகிறது என்று எனக்கே தெரியவில்லை, விரலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நூறு பக்கம் வாசித்ததைவிட அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு விளங்கியது அதிகம். நீங்களும் இதைச் செய்து பாருங்கள், செலவே இல்லை.

இரண்டாவது, டிஸ்கிரிமினேற்றர் வெளியீடு. ரிசீவருக்குள் எஃப்எம் சிக்னல் ஒலியாக மாறும் இடம் அது. அதற்குப் பிறகு வரும் சுற்றுகள் காதுக்கு இதமாக இருக்க மேல் அதிர்வெண்களைக் குறைத்துவிடும், ஸ்குவெல்ச்சும் அங்கேதான் மூடும். வோட்டருக்கோ அந்த மேல்தட்டு இரைச்சல்தான் தேவை. ஸ்பீக்கரில் இருந்து வயர் இழுத்துக் கொடுத்தால், அளக்க வேண்டியதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்ததாகிவிடும்.

இந்த வெளியீட்டைத் தேடி செற்றை உடைக்கத் தேவையில்லை. பல ஹாம் வாகனச் செற்களின் பின்னால் 6 பின் கொண்ட சின்ன டேற்றா சொக்கெற் இருக்கும். அதில் 9600 என்று குறிப்பிட்டிருக்கும் வெளியீடுதான் இது. 1200 என்று இருப்பது வடிகட்டிய ஒலி, அது வேண்டாம். அதே சொக்கெற்றில் ஸ்குவெல்ச் திறந்ததா மூடியதா என்று சொல்லும் பின்னும் இருக்கும். வணிகப் பாவனைக்கு வந்த பழைய மோட்டரோலா ஜிஎம்300 வகைச் செற்களிலும் பின்னால் 16 பின் சொக்கெற் உண்டு. அதில் 11ஆம் பின்னில் ஒலி வரும். உள்ளே ஜேயு551 என்ற சின்ன ஜம்பரை மாற்றினால் அது வடிகட்டாத ஒலியாக வரும். பழையவை, பாரமானவை, ஆனால் வலுவான சிக்னல் பக்கத்தில் இருந்தாலும் தடுமாறாத முன்பகுதி. இப்படியான இரண்டை ஒரே மொடலில் வாங்க முடிந்தால் யோசிக்க வேண்டாம், வாங்குங்கள்.

விலை குறைந்த கையடக்க வோக்கிகளை ரிசீவராகக் கட்டித் தொங்கவிடும் ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். முன்பகுதியில் நல்ல வடிகட்டி இல்லாததால் கைத்தொலைபேசி ரவருக்குப் பக்கத்தில் செவிடாகிவிடும். கணினியில் செருகும் ஆர்ரிஎல் எஸ்டிஆர் டொங்கிள் என்ற குட்டி ரிசீவரும் சிக்னலை 8 பிற் துல்லியத்தில்தான் அளக்கும், அதே பலவீனம் உண்டு. ஆனால் வீட்டில் இருந்து பழக அதைவிட மலிவான வழி கிடையாது, முன்னால், வேண்டிய அலைவரிசையை மட்டும் விடும் ஒரு பாண்ட்பாஸ் வடிகட்டி போட்டால் தற்காலிகத்துக்குத் தாங்கும்.

ஒரு நல்ல செய்தி, துணை ரிசீவர் நிலையத்தில் டியூப்ளெக்ஸர் தேவையில்லை. அங்கே அதே அலைவரிசையில் யாரும் முழங்கவில்லையே. ரிப்பீற்றரின் செலவில் பெரிய பங்கு அதற்குத்தான் போகும், இங்கே பாண்ட்பாஸ் கவிற்றி என்ற ஓர் உருளை வடிகட்டி போதும்.

உயரமும் அவ்வளவு தேவையில்லை. 12 மீட்டர் கம்பத்தில் வைத்தாலும் கணக்குப்படி வோக்கிக்கு 19 கிலோமீட்டர் வருகிறது. பாதிதான் கிடைத்தாலும் ஊரை மூடும். ஆகவே தொலைபேசி நிறுவனத்தின் உயர்ந்த ரவரில் இடம் கேட்டு அலைவதைவிட, மின் இரைச்சல் இல்லாத ஒரு தோட்டத்து வீடு மேல். வெல்லாவெளிப் பக்கம் வயலோடு ஒட்டிய ஒரு வீட்டு முற்றம், நகரத்து ரவரைவிட நல்ல காது. போய்ப் பார்க்கும்போது ஒரு வோக்கியை எடுத்துச் சென்று ஸ்குவெல்ச்சைத் திறந்து, பலவீனமான ஒரு சிக்னலைக் கேட்டபடி வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பாருங்கள். எந்த பல்ப் எதிரி என்று உடனே தெரியும்.

இணைப்பு

துணை ரிசீவர் கேட்டதை மத்திய நிலையத்துக்குக் கொண்டுவர மூன்று வழி. முதலாவது இன்னொரு வானொலி இணைப்பு, யூஎச்எஃப்பில் (400 மெகாஹேர்ட்ஸ் பக்கம்) சிறிய ரான்ஸ்மிற்றரும், இரண்டு முனையிலும் ஒரே திசையை நோக்கும் யாகி அன்ரெனாவும். பழைய முறை, எளிய முறை, தாமதமே கிடையாது. 30 கிலோமீட்டரைக் கடக்க வானொலிக்கு 0.1 மில்லிசெக்கன்தான். ஆனால் இந்த இணைப்பு முற்றிலும் இரைச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இணைப்பே இரைந்தால் வோட்டர் நல்ல ரிசீவரைக் கெட்டது என்று நினைக்கும். இன்னொரு நுணுக்கம்: 145.700 ஐ மூன்றால் பெருக்கினால் 437.100. ரிப்பீற்றர் பேசும்போது அதன் மூன்றாம் ஹார்மோனிக் அங்கே விழும். இணைப்பின் அதிர்வெண்ணை அந்த இடத்துக்குக் கிட்ட வைத்தால், ரிப்பீற்றர் வாய் திறந்ததும் இணைப்பின் காது அடைத்துவிடும்.

இணைப்பின் ஒலி வழக்கமாக 300 முதல் 3000 ஹேர்ட்ஸ் வரைதான் என்றால் மேல்தட்டு இரைச்சல் எப்படி மறுமுனைக்குப் போகும்? போகாது. அதனால்தான் வணிக வோட்டர்கள் வேறு வழி பிடித்தன. ரிசீவர் சும்மா இருக்கும்போது ஒரு தொனியை அனுப்பிக்கொண்டே இருக்கும். மோட்டரோலா முறையில் 2175 ஹேர்ட்ஸ், ஜிஈ முறையில் 1950. தொனி நின்றால் அந்த ரிசீவருக்கு ஏதோ கேட்கிறது என்று அர்த்தம். பிறகு பேச்சின் இடைவெளிகளில் இருக்கிற இரைச்சலை வைத்து முடிவெடுக்கும். தொனியே தொடர்பு உயிரோடு இருப்பதற்கும் சாட்சி.

இரண்டாவது, 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை டிஷ்கள். மலிவு, தரமும் நல்லது. ஆனால் தென்னோலை அதற்குச் சுவர், மழையில் நனைந்த தென்னோலை இன்னும் கெட்டியான சுவர். வாவிக்கு மேலாக நேர்ப்பார்வை கிடைக்கும் இடங்களில் இது அருமையாக வேலை செய்யும்.

மூன்றாவது, வீட்டு ஃபைபரோ 4ஜியோ. பழகுவதற்கு நல்லது. ஆனால் நாங்கள் ஏன் இந்த வேலையில் இறங்குகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். 1978 நவம்பர் 23 அன்று சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரை முழுவதையும் தின்றது. ஆழிப்பேரலை நாட்களில் அம்பாந்தோட்டையில் இருந்து கொழும்புக்கு இலங்கை ஹாம்கள் சிற்றலை வானொலியில்தான் தொடர்பு ஏற்படுத்தினார்கள். 4ஜி விழுகிற நாளில் ரிப்பீற்றரின் காதுகளும் சேர்ந்து விழுந்தால், வேண்டிய நேரத்தில் அந்தக் காதுகள் இல்லை. என்னால் முடிந்தால் ஒரு காதாவது நேரடி வானொலி இணைப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன்.

இணையம் வழியாகப் போகும்போது இன்னொரு பிரச்சினையும் உண்டு. ஒலி பொதிகளாகப் போகிறது, ஒவ்வொரு பாதையிலும் தாமதம் வேறு. ஒரு ரிசீவரின் ஒலி 40 மில்லிசெக்கனில் வந்து, மற்றதன் ஒலி 120 இல் வந்தால், வோட்டர் ஒன்றில் இருந்து மற்றதுக்குத் தாவும்போது 80 மில்லிசெக்கன் பேச்சு இரண்டு தரம் கேட்கும் அல்லது காணாமல் போகும். அரை அசை அளவு. "வாழைச்சேனை" என்று சொன்னது "வாழைழைச்சேனை" என்று வரும்.

வோட்டர்

இப்போதுதான் பெட்டிக்கு வருகிறோம். வணிகப் பெட்டிகளில் பெயர் பெற்றது ஜேபிஎஸ் எஸ்என்வி-12. பன்னிரண்டு நிலையம் வரை தாங்கும், மேலே சொன்ன தொனிகளையும் புரிந்துகொள்ளும். பழையதாகக் கிடைத்தால் நல்ல பொருள், இரண்டு காதோடு தொடங்குபவருக்குத் தேவையானதைவிடப் பெரியது.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது எஸ்விஎக்ஸ்லிங்க். டோபியாஸ் புளோம்பெரி என்ற சுவீடன் நாட்டு ஹாம் எழுதிய இலவச மென்பொருள், ராஸ்பெரி பை என்ற கையளவு கணினியில் ஓடும். ஒவ்வொரு துணை நிலையத்திலும் ஒரு பை, ஓர் யூஎஸ்பி ஒலி அட்டை, ரிசீவர். அங்கே இருக்கிற ரிமோட்ரிஆர்எக்ஸ் என்ற பகுதி இரைச்சலை அந்த இடத்திலேயே அளந்து, ஒலியோடு சேர்த்து எண்ணாக அனுப்பும். அளவை ரிசீவரின் பக்கத்திலேயே நடப்பதால் இணைப்பின் ஒலி அகலம் பற்றிய கவலை போய்விடுகிறது. மத்திய நிலையத்தில் இருக்கும் பை வாக்கெடுப்பை நடத்தும். எத்தனை மில்லிசெக்கனுக்கு ஒரு தரம் மறுபடி ஒப்பிடுவது, எவ்வளவு வித்தியாசம் இருந்தால் மாறுவது என்பதை எல்லாம் ஓர் எழுத்துக் கோப்பில் எழுதி வைக்கலாம். அந்த இரண்டாவது எண் முக்கியம். சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் மாறவிட்டால் இரண்டு ரிசீவருக்கு நடுவில் நிற்பவரின் குரல் ஊஞ்சல் ஆடும்.

மாறும் கணம் துளியும் தெரியக்கூடாது என்றால் நேரத்தை ஒத்திசைக்க வேண்டும். இணையம் வழியாக ரிப்பீற்றர்களை இணைக்கும் ஓல்ஸ்ரார்லிங்க் வலையமைப்பின் அடிப்படையை எழுதிய, காலமான ஜிம் டிக்சன் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு ரிசீவரிலும் ஒரு ஜிபிஎஸ் கருவி. அது வினாடிக்கு ஒரு துடிப்புக் கொடுக்கும். அந்தத் துடிப்பை வைத்து ஒவ்வொரு ஒலிப் பொதிக்கும் நேர முத்திரை குத்தப்படும். மத்தியில் ஒரே நேர முத்திரை கொண்ட பொதிகளை மட்டும் ஒப்பிடுவார்கள். எந்தப் பாதை பிந்தி வந்தாலும் அசை பிசகாது. இந்தப் பலகைக்கே அவர் வோட்டர் என்றுதான் பெயர் வைத்தார். மூன்றாவது காது வைக்கும் கட்டத்தில் இதற்குப் போகலாம் என்பது என் கருத்து.

டிஎம்ஆர் போன்ற டிஜிற்றல் முறைகளில் இரைச்சலுக்குப் பதிலாக பிற் பிழைகளை எண்ணித் தெரிவு செய்வார்கள். அது தனிக் கதை.

உப்புக் காற்றும் மாரியும்

கடற்கரையில் ஒரு பழைய அன்ரெனாவைக் கழற்றினேன். வெளியே கனெக்ரர் பளபள என்று இருந்தது. திருகி எடுத்தால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, கேபிளின் பின்னல் கையோடு உதிர்ந்தது. உப்பு நீர் கேபிளுக்குள் இரண்டு முழம் ஏறியிருந்தது. கடலோரமாக இருக்கிற எங்கள் எழுவான்கரையில் என்-வகைக் கனெக்ரரும், அதைச் சுற்றித் தன்னோடு தான் ஒட்டும் ரப்பர் ரேப்பும் கட்டாயம். கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் 2 மீட்டர் அலைவரிசையில் ஏறத்தாழ 6 டெசிபெல்லைத் தின்றுவிடும், வந்த சிக்னலில் காற்பங்குதான் ரிசீவருக்குக் கிடைக்கும். அதே நீள எல்எம்ஆர்-400 இல் இழப்பு ஒன்றரை டெசிபெல் அளவுதான். கம்பத்தின் அடியில் நல்ல நிலத்தொடர்பும் இடிதாங்கியும் இல்லாமல் ஒரு மாரியைக்கூடக் கடக்க நினைக்காதீர்கள்.

மின்சாரத்துக்குக் கணக்கு இப்படி. ரிசீவர், பை, இணைப்பு எல்லாம் சேர்ந்து 12 வோல்ட்டில் 1 அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 24 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது, ஆகவே வெயில் இல்லாமல் இரண்டு நாள். 100 வாட் சோலார் தகடு கச்சான் காலத்தில் தாராளமாகப் போதும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் நாட்கணக்கில் சூரியன் முகம் காட்டாது. வெள்ளமும் புயலும் வருவதும் அப்போதுதான். அதனால் தகட்டையும் பற்றரியையும் இரட்டிப்பாக்குங்கள்.

ரிப்பீற்றருக்கும் இணைப்புகளுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். சாமான் வாங்க முதலே அதைக் கேட்டு அதிர்வெண்களை உறுதி செய்துகொண்டால், பிறகு டியூப்ளெக்ஸரையும் கவிற்றியையும் மறுபடி இசைக்கிற வேலை மிச்சம்.

எல்லாம் பூட்டிய பிறகு மட்டம் பார்க்க வேண்டும். 1 கிலோஹேர்ட்ஸ் தொனியை 3 கிலோஹேர்ட்ஸ் டிவியேசனில் (அதிர்வெண் விலகலில்) ஒவ்வொரு ரிசீவருக்கும் கொடுத்து, வோட்டரின் வாசலில் எல்லாமே 1 டெசிபெல்லுக்குள் ஒரே அளவாக வரும்வரை திருகுங்கள். இதில் அவசரம் வேண்டாம், ஒரு பின்னேரம் முழுவதும் போனாலும் பரவாயில்லை.

பிறகு ஒரு வோக்கியோடு குருமண்வெளிக்குப் போய், வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகும் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏறுங்கள். துறையை விட்டதும் பேசும் பொத்தானை அழுத்தி, உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லி, ஒன்று இரண்டு என்று நிதானமாக எண்ணத் தொடங்குங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் விட்டுவிட்டு மறுகரை வரைக்கும் எண்ணுங்கள். வீட்டில் ஒருவர் ரிப்பீற்றரின் ஒலியைப் பதிவு செய்துகொண்டு, இன்னொருவர் எந்த எண்ணில் எந்த ரிசீவர் வென்றது என்று திரையைப் பார்த்து எழுதட்டும். வாவி நடுவில் எங்கோ ஓர் இடத்தில் கிழக்குக் காது விட்டுவிட்டு மேற்குக் காது பிடிக்கும். பதிவை எழுதியவரிடம் கொடுக்காமல், ஒன்றும் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி, எந்த எண்ணில் குரல் மாறியது என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால், திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடி மட்டத்துக்குப் போக வேண்டும்.